அத்தியாயம் 7: லொறிக்காரரின் சட்டக் கடமைகள் – கண்டியும் சுற்றுப்புறமும்

பேராதனையில் பொலிஸார் லொறியை மறித்தால் இறங்கிப்போய்க் காகிதத்தைக் காட்டுபவர் சாரதி. அந்தக் காகிதங்களில் இருப்பவற்றில் பாதிக்கு மேல் அவர் முடிவு செய்தவை அல்ல. காப்புறுதியைப் புதுப்பிப்பது, பிரேக் லைனருக்குப் பணம் ஒதுக்குவது, எத்தனை கியூப் மணல் ஏற்றுவது, யாரைச் சாரதியாக வைப்பது எல்லாம் உரிமையாளர் எடுக்கும் முடிவுகள். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் ஓட்டியவரோடு நின்றுவிடுவதில்லை. ஓட்ட அனுமதித்தவரையும் வேலைக்கு வைத்தவரையும் அது தேடி வரும்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு கன்டர் லொறி வைத்திருப்பவருக்கும் கம்பளையில் பத்து டிப்பர் ஓட்டும் கம்பனிக்கும் கடமைகள் பெரும்பாலும் ஒன்றே. பத்து டிப்பர் வைத்திருப்பவரிடம் காகிதம் பார்க்க ஒரு கிளார்க் இருப்பார். ஒரு லொறிக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவரை மனதில் வைத்தே இந்த அத்தியாயம் எழுதப்பட்டுள்ளது.

1. லொறி யார் பெயரில் இருக்கிறது?

எல்லாவற்றுக்கும் முதலில் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அதில் உங்கள் பெயர் இருக்கிறதா? லீசிங் என்றால் முழு உரிமையாளராக நிதி நிறுவனத்தின் பெயரும் பதிந்திருக்கும். அது இயல்புதான். பணம் கட்டி முடித்த பிறகும் அந்தப் பெயரை நீக்காமல் விட்டுவிடுவதே பின்னால் தலைவலியாகிறது. கடைசித் தவணை கட்டிய மாதத்திலேயே விடுவிப்புக் கடிதத்தை வாங்கி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்திக்கொள்ளுங்கள்.

“ஓப்பன் பேப்பரில்” வாங்குவதும் விற்பதும் நம் பக்கத்தில் சாதாரணமாகிவிட்டது. கைச்சாத்திட்ட படிவங்களை வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலே லொறி மூன்று நான்கு கை மாறிவிடுகிறது. இதில் மாட்டுவது பழைய உரிமையாளர். விபத்தோ கடத்தலோ நடந்தால் பொலிஸ் முதலில் தட்டுவது பதிவில் உள்ளவரின் கதவைத்தான். விற்றவர் கைமாற்றத்தை 14 நாட்களுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வாங்குபவராக இருந்தால், பெயர் மாற்றும் வரை ஒரு தொகையை நிறுத்திவைத்து எழுத்தில் உடன்படிக்கை செய்வது நல்லது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, ஐந்து ஆண்டுகள் கழித்து 2025இல்தான் பரவலாகத் திறந்தது. இடையில் பழைய லொறிகளையே ஒட்டியும் வெட்டியும் ஓட்டினோம். என்ஜின் மாற்றினோம், பொடியை நீட்டினோம், தகட்டை உயர்த்தினோம். இவற்றில் எதைச் செய்திருந்தாலும் பதிவுச் சான்றிதழில் உள்ள என்ஜின் இலக்கம், செசி இலக்கம், பொடி வகை, எடை ஆகியவை இன்றைய லொறியோடு பொருந்துகின்றனவா என்று ஒருமுறை சரிபாருங்கள். பொருந்தாவிட்டால் திணைக்களத்தில் அறிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும். விபத்து நடந்த பிறகு காப்புறுதி மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது இந்த இலக்கங்களைத்தான்.

2. ஒன்றை விட்டால் மற்றொன்று கிடைக்காத நான்கு காகிதங்கள்

வீதியில் இறங்க ஆண்டுதோறும் நான்கு காகிதங்கள் வேண்டும்: தகுதிச் சான்றிதழ், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதிச் சான்றிதழ், வருமான அனுமதிப்பத்திரம். முதல் மூன்றும் இல்லாமல் நான்காவது கிடைக்காது. ஆகவே வருமான அனுமதிப்பத்திரம் முடியும் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணி வேலையைத் தொடங்குங்கள். ஆறு வாரம் முன்பே தொடங்கினால், குறை கண்டுபிடிக்கப்பட்டாலும் திருத்த நேரம் இருக்கும்.

*தகுதிச் சான்றிதழ்.* திணைக்களத்தில் பதிந்த கராஜ்களே இதைக் கொடுக்கலாம். பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு, செசி, பொடி ஆகியவற்றைப் பார்ப்பார்கள். லொறியைக் காட்டாமலே சான்றிதழ் எடுத்துத் தருவதாகச் சொல்லும் தரகர்கள் உண்டு. கடுகண்ணாவை இறக்கத்தில் பிரேக் போனால் அந்தக் காகிதம் லொறியை நிறுத்தாது. வழக்கில் அது உங்களுக்கு எதிராகவே நிற்கும். சோதனைக்குப் போவதற்கு முன் உங்கள் மெக்கானிக்கிடம் பிரேக் டிரம், லைனர், காற்றுக் குழாய், ஹேண்ட் பிரேக் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லி, பில்லைக் கோப்பில் வையுங்கள். பராமரித்தீர்கள் என்பதற்கு அந்தப் பில்தான் சாட்சி.

*புகைப் பரிசோதனை.* 2008 முதல் நடைமுறையில் உள்ளது. டீசல் லொறி தோற்பதற்கு அழுக்கடைந்த எயார் ஃபில்டரும் பழுதான இன்ஜெக்டரும் பெரும்பாலும் காரணம். இரண்டையும் பார்த்துவிட்டுப் போனால் ஒரே தடவையில் முடியும், டீசலும் மிச்சமாகும்.

*காப்புறுதி.* மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டக் கட்டாயம். அது அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கு மட்டுமே. உங்கள் லொறி, ஏற்றிய சரக்கு, கிளீனர், நாட்டாமிகள் எவருக்கும் அது பொறுப்பேற்காது. முழுக் காப்புறுதி எடுத்தாலும் சரக்குக்குத் தனியாக எடுக்க வேண்டியிருக்கும். ஒப்பந்தத்தில் நான்கு விடயங்களைத் தேடி வாசியுங்கள்: சாரதிக்கு எந்த வகை அனுமதிப்பத்திரம் வேண்டும், எவ்வளவு எடை, எந்தப் பாவனைக்கு, உள்ளே எத்தனை பேர். இவற்றில் ஒன்று மீறப்பட்டிருந்தாலும் இழப்பீடு கேட்கும்போது பிரச்சினை வரும்.

*வருமான அனுமதிப்பத்திரம்.* இது மாகாண சபைக்குரியது. மத்திய மாகாணத்தில் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம், இணையத்திலும் புதுப்பிக்கலாம். அடுத்தவரிடம் கொடுத்துப் புதுப்பித்தால், கையில் வந்த பத்திரத்தை இணையப் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

3. சாரதியை வைக்கும்போது

முழு எடை 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரையான லொறிக்கு சி1 வகை அனுமதி வேண்டும். அதற்கு மேற்பட்டதற்கு சி. கனரக டிரெய்லர் இணைத்த லொறிக்கு சிஈ. டிமோ பட்டா ஓட்டிய அனுபவம் நிறைய இருக்கிறது என்று பி வகைக்காரரைக் கன்டரில் ஏற்றக்கூடாது. கனரக வாகனச் சாரதி அனுமதிப்பத்திரம் 4 ஆண்டுகளுக்கே செல்லும். இலகு வாகனத்துக்கு 8 ஆண்டுகள். புதுப்பிக்கத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். கண்டியிலும் அதன் கிளை இருப்பதால் நுகேகொடைக்கு அலைய வேண்டியதில்லை.

மூல அனுமதிப்பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். இருபக்கப் பிரதி ஒன்றைக் கோப்பில் வைத்து, காலாவதித் திகதியை உங்கள் கலண்டரில் குறியுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டுவது, இல்லாதவரை வேலைக்கு வைப்பது, காப்புறுதி இல்லாமல் ஓட்டுவது, மது அருந்தி ஓட்டுவது போன்ற குற்றங்களுக்கு 2019ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டப் பணத்தை 25,000 ரூபாவிலிருந்து தொடங்க வைத்தது. இவற்றில் இரண்டாவது நேராக உங்களைக் குறிப்பது.

சம்பளம் கொடுக்கும் விதத்திலும் சட்டம் இருக்கிறது. நம்மில் பலர் ட்ரிப்புக்கு இவ்வளவு என்று கொடுத்து, “இவர் என் ஊழியர் இல்லை, ட்ரிப் காசுக்கு ஓட்டுபவர்” என்று சொல்லிவிடுகிறோம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் அந்த வித்தியாசத்தை ஏற்பதில்லை. நாட்சம்பளமோ ட்ரிப் காசோ, ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் அவரிடமிருந்து 8 வீதமும் உங்களிடமிருந்து 12 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 வீதம், அதுவும் உங்கள் பங்கு. சேமலாப நிதியை அடுத்த மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை ஏறும். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 ஆண்டு முடித்தவருக்குப் பணிக்கொடையும் உண்டு. மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்குத் தனிச் சம்பளச் சபை இருக்கிறது. அதன் இன்றைய சம்பளம், வேலை நேரம், விடுமுறை விபரங்களைக் கண்டி தொழில் அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ட்ரிப் காசுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எத்தனை ட்ரிப் அடிக்கிறாரோ அத்தனை காசு என்றால், சாரதி தூக்கத்தைக் குறைப்பார், வேகத்தைக் கூட்டுவார். நிலையான அடிப்படைச் சம்பளம் ஒன்றைக் கொடுத்து அதன்மேல் சிறு ட்ரிப் காசு வைப்பது பாதுகாப்பானது. தம்புள்ளைச் சந்தைக்கு இரவில் போய்வந்தவரைக் காலையிலேயே கொழும்புக்கு அனுப்பாதீர்கள்.

கிளீனராகப் பையன்களை வைப்பதில் கவனம். வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயது 2021இல் 16ஆக உயர்ந்தது. 18க்குக் குறைந்தவரை ஆபத்தான வேலையில் ஈடுபடுத்துவதும் குற்றம். பாடசாலை விடுமுறைக்கு வந்த மருமகன் என்றாலும் விதிவிலக்கு இல்லை. சரக்கு ஏற்றும்போது நாட்டாமி ஒருவர் விழுந்து காயப்பட்டால் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி நீங்கள் பொறுப்பாகலாம். அதற்கான காப்புறுதியைச் சேர்த்து எடுப்பது பெரிய செலவல்ல.

4. எவ்வளவு ஏற்றலாம்?

பதிவுச் சான்றிதழில் இரண்டு எடைகள் இருக்கும்: வெறுமை எடை, முழு எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதே நீங்கள் ஏற்றக்கூடியது. சாரதி, கிளீனர், ஸ்பெயார் டயர், கயிறு, தார்ப்பாய் எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான். முழு எடை 7,500 கிலோ, வெறுமை எடை 3,500 கிலோ என்றால் ஏற்றக்கூடியது 4,000 கிலோ.

இப்போது மணல் கணக்கைப் பாருங்கள். ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது ஏறத்தாழ 2.83 கன மீற்றர். காய்ந்த மணல் ஒரு கியூப் ஏறத்தாழ 4½ டொன். மழையில் நனைந்தால் 5 டொன்னைத் தாண்டும். மேலே சொன்ன லொறியில் ஒரு கியூப் ஏற்றினாலே எடை மீறிவிட்டது. “பொடி நிரம்பவில்லையே” என்ற சமாதானம் எடைக்கு எடுபடாது. கியூப் கணக்கில் வாடகை பேசுங்கள்; டொன் கணக்கில் ஏற்றுங்கள். சந்தேகம் வந்தால் எடைப்பாலத்தில் ஒருமுறை நிறுத்து, அந்தச் சீட்டைக் கோப்பில் வையுங்கள். அடுத்த முறை அதே சரக்குக்கு அளவு தெரிந்துவிடும்.

மணல், மண், கல் எதுவானாலும் தார்ப்பாயால் மூடி இறுகக் கட்டுங்கள். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக்கும் மூங்கிலுக்கும் பகலில் சிவப்புத் துணி, இரவில் சிவப்பு விளக்கு. தோட்டப் பக்கங்களில் கொழுந்து லொறியிலும் சாமான் லொறியிலும் தொழிலாளரைப் பின்னால் ஏற்றி இறக்குவது இன்னும் நடக்கிறது. சரக்கு ஏற்ற உரிமம் பெற்ற வாகனம் ஆள் ஏற்றும் வாகனமாகாது. கவிழ்ந்தால் காப்புறுதியும் கைவிடும். தோட்டத்து அதிகாரி கேட்டாலும், கோயில் திருவிழாவுக்கு ஊரார் கேட்டாலும், பஸ் பிடித்துத் தருகிறேன் என்று சொல்லி விலகிக்கொள்ளுங்கள்.

5. சரக்குக்கென்று தனி அனுமதி

லொறியின் காகிதம் எல்லாம் சரியாக இருந்தாலும் சரக்கின் காகிதம் இல்லாவிட்டால் லொறியும் சேர்ந்து பொலிஸ் முற்றத்துக்குப் போகும். கண்டிப் பக்கத்தில் அடிக்கடி மாட்டுபவை இவை:

• *மணல், மண், கருங்கல்:* 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனிப்பொருள் சட்டம் அகழ்வதோடு கொண்டுசெல்வதையும் விற்பதையும் கட்டுப்படுத்துகிறது. பொறுப்பு புவிச்சரிதவியல், சுரங்கப் பணியகத்துக்கு. வாகன எண், அளவு, புறப்படும் இடம், சேருமிடம் எல்லாம் உங்கள் ட்ரிப்போடு பொருந்த வேண்டும். மகாவலி மணலுக்கு ஒருவர் ‘பழைய பேர்மிட்டில்’ ஏற்றச் சொன்னால் ஏற்றாதீர்கள்.

• *மரம்:* வனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி போக்குவரத்து அனுமதி வேண்டும். பலா, ஈரப்பலா போன்றவற்றை வெட்டுவதற்கே 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி தனி அனுமதி தேவை. வீட்டுத் தோட்டத்து மரம் என்று சொன்னாலும் பிரதேச செயலகத்தின் காகிதத்தைப் பார்த்த பிறகே ஏற்றுங்கள்.

• *கழிவுத் தேயிலை:* தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் கழிவுத் தேயிலை நல்ல தேயிலையோடு கலப்பதற்காகக் கடத்தப்படுவதால் தேயிலைச் சபை இதில் கண்டிப்பாக இருக்கிறது. அனுமதி பெற்ற வியாபாரியின் சரக்கு என்பதற்கு ஆவணம் இல்லாமல் ஒரு மூட்டையும் ஏற்றாதீர்கள். உரம் என்று சொல்லி ஏற்றப்படும் மூட்டைகளை ஒருமுறை திறந்து பாருங்கள்.

• *மாடு, ஆடு:* கால்நடை வைத்தியரின் சான்றும் கொண்டுசெல்லும் அனுமதியும் வேண்டும். நெரித்து ஏற்றுவது தனிக் குற்றம்.

• *ஆபத்தான கழிவு:* எரிந்த எண்ணெய், பழைய பற்றரி, வைத்தியசாலைக் கழிவு ஆகியவற்றுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி உள்ளவரே ஏற்றலாம்.

உங்கள் யாட்டிலேயே லொறி கழுவி சேர்விஸ் செய்தால் அதற்கும் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவைப்படலாம். எண்ணெய்த் தண்ணீரைக் கானுக்குள் விட்டால் அது மகாவலிக்கே போகும்.

6. கண்டி வீதிகள்

நகரத்துக்குள் கனரக வாகனங்களுக்கு நேரக் கட்டுப்பாடுகள் வரும், மாறும். தலதா மாளிகைக்கு முன்னுள்ள வீதி 1998 ஜனவரிக் குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு வாகனங்களுக்கு மூடப்பட்டதால், மற்ற வீதிகளில் நெரிசல் அதிகம். எசல பெரஹர நாட்களில் வீதிகளைப் பகுதி பகுதியாக மூடுவார்கள். அந்த நாட்களில் கடைகளுக்குச் சரக்கு இறக்குவதைப் பற்றி வாடிக்கையாளரோடு முன்கூட்டியே பேசுங்கள். அன்றைய விபரத்தைக் கண்டிப் போக்குவரத்துப் பொலிஸில் கேட்பதே நிச்சயம்.

வெளியே போனால் ஏ1இல் கடுகண்ணாவை, ஏ26இல் ஹுன்னஸ்கிரியாவைத் தாண்டி மஹியங்கனைக்கு இறங்கும் 18 வளைவு, ஏ5இல் கம்பளைக்கு அப்பால் றம்பொடைப் பக்கம் ஆகியவை சாரதியையும் பிரேக்கையும் சோதிக்கும் இடங்கள். 2025 மே 11இல் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது இந்த ஏ5இல்தான். டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டும் பழக்கத்தை உங்கள் லொறியில் அனுமதிக்காதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், எக்சோஸ்ட் பிரேக் வேலை செய்ய வேண்டும். இந்த இரண்டையும் சாரதிக்கு எழுத்தில் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள்.

மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள்: மஞ்சள் அவதானம், செம்மஞ்சள் ஆயத்தம், சிவப்பு வெளியேற்றம். 2025 நவம்பர் 22இல் பஹல கடுகண்ணாவையில் பாறை சரிந்து உயிர்கள் போயின, ஏ1 மூடப்பட்டது. சில நாட்களில் வந்த டித்வா புயல் மலைநாட்டின் பல வீதிகளையும் பாலங்களையும் உடைத்தது. திருத்திய பாலத்தில் எடை வரம்புப் பலகை இருந்தால் அதுவே சட்டம். கலகெதர வழியாகக் குருநாகலுக்குச் சுற்றிப்போக நேர்ந்தால் மேலதிக டீசல் யார் கணக்கில் என்பதை வாடகை உடன்படிக்கையிலேயே ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். எழுதியிருந்தால், சாரதியை ஆபத்தான வீதியில் தள்ள யாருக்கும் காரணம் இருக்காது.

7. மறித்தால், மோதினால்

உடனடித் தண்டத்துக்குரிய குற்றமென்றால் பொலிஸார் அனுமதிப்பத்திரத்தை வைத்துக்கொண்டு தற்காலிகச் சீட்டுத் தருவார்கள். 14 நாட்களுக்குள் தபால் நிலையத்தில் கட்டலாம். தவறினால் 28 நாள் வரை இரட்டிப்பு, அதற்கும் மேல் நீதிமன்றம். 2025 முதல் இணையத்தில் கட்டும் வசதியும் வந்திருக்கிறது. தண்டத்தைச் சாரதி கட்டுவாரா நீங்கள் கட்டுவீர்களா என்பதை முன்பே தெளிவாக்குங்கள். வேகத்துக்கு அவர், தேய்ந்த டயருக்கு நீங்கள் என்பது நியாயமான பிரிவு. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலம் விளங்காமல் கைச்சாத்திட வேண்டாம் என்று சாரதியிடம் சொல்லி வையுங்கள். தமிழில் கேட்பது அவரது உரிமை. மொழி உரிமை மறுக்கப்பட்டால் 1956 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடலாம்.

விபத்தென்றால் வரிசை இது: நிறுத்து, காயப்பட்டவருக்கு 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ், பிறகு காப்புறுதிக் கம்பனி, அதன் பிறகே உங்களுக்கு அழைப்பு. லொறியை நகர்த்துவதற்கு முன் படம் எடுக்க வேண்டும். இந்த இலக்கங்களைச் சாரதியின் சன் வைசரில் ஒட்டிவிடுங்கள்.

8. கோப்பும் கலண்டரும்

ஒரு லொறிக்கு ஒரு கோப்பு. அதில் பதிவுச் சான்றிதழ்ப் பிரதி, நான்கு காகிதங்கள், சாரதியின் விபரம், பராமரிப்புப் பில்கள், ரன்னிங் சார்ட், எடைச் சீட்டுகள், சரக்கு அனுமதிப் பிரதிகள். வரிக் கணக்கும் இதிலிருந்தே எழும். வருமான வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடியும். விபரத்திரட்டு நவம்பர் 30க்குள். வியாபாரம் பெரிதானால் பெறுமதி சேர் வரியும் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீடும் வரும். வரம்பு அவ்வப்போது மாறுவதால் ஒவ்வொரு ஏப்ரலிலும் கணக்காளரிடம் கேளுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர் முதல் மாதத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். முதல் வாரம்: பதிவுச் சான்றிதழை லொறியோடு ஒப்பிடுவது. இரண்டாம் வாரம்: நான்கு காகிதங்களின் திகதிகளைக் கலண்டரில் ஏற்றுவது, காப்புறுதி ஒப்பந்தத்தை முழுதாக வாசிப்பது. மூன்றாம் வாரம்: சாரதிக்கும் கிளீனருக்கும் நியமனக் கடிதம், சேமலாப நிதிப் பதிவு. நான்காம் வாரம்: அடிக்கடி ஏற்றும் சரக்கை ஒருமுறை நிறுத்து, ட்ரிப் ஒன்றுக்கான உச்ச அளவை எழுதி லொறிக்குள் ஒட்டுவது.

அதன் பிறகு ஒவ்வொரு ட்ரிப்புக்கும் தொலைபேசியை வைப்பதற்கு முன் ஐந்து கேள்விகள் போதும். சரக்கு என்ன? எத்தனை கிலோ? அதன் அனுமதி யார் பெயரில்? எந்த வீதியால், எத்தனை மணிக்கு? சாரதி கடைசியாக எப்போது தூங்கினார்? ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் அந்த வாடகையை விட்டுவிடுங்கள். விட்ட வாடகை ஒரு நாள் நட்டம். பிடிபட்ட லொறி நீதிமன்ற முற்றத்தில் நிற்கும் மாதங்களிலும் லீசிங் தவணை ஓடிக்கொண்டேயிருக்கும்.